இன்யோ கவுண்டி, கலிஃபோர்னியா: வரலாறும் உள்ளாட்சியும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து 395 ஹைவே புடிச்சு மேமத் பக்கம் பனி பாக்கப் போற நம்ம ஆளுங்க எல்லாரும் இன்யோ கவுண்டி வழியாத்தான் போறாங்க, டெத் வேலி போறவங்க போறதும் பெரும்பாலும் அந்தக் கவுண்டிக்குள்ளதான். லோன் பைன்ல காபி, பிஷப்ல பேக்கரி, ரெண்டு போட்டோ, அவ்ளோதான், கிளம்பிடுறோம். அந்த ஊர்க்காரங்க நூறு வருஷத்துக்கு மேல என்ன பாடு பட்டாங்க, இன்னைக்கும் எப்படி ஒரு சின்ன கவுண்டி ஆபீஸ வச்சுக்கிட்டு தண்ணிக்காக லாஸ் ஏஞ்சலஸ் மாநகரத்தோட மல்லுக்கட்டுறாங்கனு தெரிஞ்சா அந்தப் பாதையே வேற மாதிரி தெரியும். திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இங்க பதில் போட்டிருக்கேன்.

கவுண்டினா நம்ம ஊரு மாவட்டம் மாதிரியா?

மேலோட்டமா ஆமா. கலிஃபோர்னியால 58 கவுண்டி இருக்கு, அதுல இன்யோ ஒண்ணு. ஆனா நம்ம கலெக்டர் மேல இருந்து நியமிக்கப்பட்டு வர்றவரு, இங்க கவுண்டிய நடத்துறவங்களை அந்த ஊரு மக்களே ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்குறாங்க. போலீஸ் தலைவரான ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், சொத்துக்கு மதிப்பு போடுற அசெஸ்ஸர், எல்லாருமே தேர்தல்ல ஜெயிச்சு வரணும். கீழ இன்யோ கதை படிக்கும்போது இந்த விஷயம் மனசுல இருக்கட்டும்.

எவ்ளோ பெரிய கவுண்டி? எத்தன பேரு இருக்காங்க?

பரப்பளவு 10,000 சதுர மைலுக்கு மேல, கிட்டத்தட்ட தமிழ்நாட்டுல ஐந்துல ஒரு பங்கு. ஜனத்தொகை 2020 சென்சஸ்படி 19,016. முறைப்படி நகராட்சியா பதிவான ஒரே ஊரு பிஷப், 1903-ல ஆச்சு. தலைநகர் இண்டிபெண்டன்ஸ்னு ஒரு குட்டி ஊரு, ஆயிரம் பேரு கூட கிடையாது, நகராட்சியும் கிடையாது, ஆனா கோர்ட்டு, கவுண்டிய நடத்துற சூப்பர்வைசர் போர்டு எல்லாம் அங்கதான். அலாஸ்காவ விட்டுட்டுப் பாத்தா நாட்டுலயே உயரமான சிகரம் மவுண்ட் விட்னி (14,505 அடி) இந்தக் கவுண்டியோட மேற்கு எல்லைல நிக்குது, வட அமெரிக்காலயே தாழ்வான இடம் பேட்வாட்டர் (கடல்மட்டத்துக்கு 282 அடி கீழ) இதே கவுண்டிக்குள்ளதான் இருக்கு, ரெண்டுக்கும் நேர்கோட்டுல 85 மைல் தான். தென்கிழக்கு மூலைல இருக்குற டெக்கோபாக்காரர் ஒருத்தர் கவுண்டி மீட்டிங்குக்கு நேர்ல வரணும்னா டெத் வேலிய குறுக்க தாண்டி மூணு மணி நேரத்துக்கு மேல வண்டி ஓட்டணும்.

முதல்ல யாரு இருந்தா அங்க?

பையூட் பழங்குடி மக்கள், கிழக்கு, தெற்குப் பக்கம் ஷோஷோனி மக்கள். 395 ஹைவே போற ஓவன்ஸ் பள்ளத்தாக்க பையூட் மக்கள் பயஹூனாடுனு சொல்றாங்க, தண்ணி ஓடுற இடம்னு அர்த்தம்.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: இவங்க வெள்ளைக்காரங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே வாய்க்கா வெட்டி பாசனம் பண்ணவங்க. பிஷப் ஓடைல வசந்த காலத்துல அணை கட்டி, ஒரு வருஷம் வடக்கு வயலுக்கும் அடுத்த வருஷம் தெற்கு வயலுக்கும் மாத்தி மாத்தி தண்ணி விட்டிருக்காங்க. விளைஞ்சது பெரும்பாலும் கிழங்கு வகைங்க, அதுல ஒண்ணு நம்ம கோரைக்கிழங்கோட இனம். தண்ணி திறந்து விடுறதுக்குனு ஒருத்தர ஊரே கூடி தேர்ந்தெடுப்பாங்க. அந்தப் பள்ளத்தாக்கோட முதல் உள்ளாட்சிப் பதவி அதுதான்னு நான் சொல்லுவேன், அதுவும் தண்ணிக்காக வந்த பதவி.

1861-ல மாடு மேய்க்குறவங்க வந்தாங்க. மாடுங்க அந்தக் கிழங்கு வயல மேஞ்சு அழிச்சுது, அந்தக் குளிர்காலம் வேற ரொம்ப மோசம், பசில கெடந்தவங்க மாட்ட பிடிச்சு தின்னாங்க, சண்டை ஆரம்பிச்சுது. 1862 ஜூலை 4 அன்னைக்கு ராணுவம் வந்து முகாம் போட்டுது, சுதந்திர தினம்ங்கறதால அதுக்கு இண்டிபெண்டன்ஸ்னு பேரு, அந்தப் பேருதான் ஊருக்கும். 1863-ல 900 பேருக்கு மேற்பட்ட பையூட் மக்கள வெயில்ல டெஹோன் கோட்டை வரைக்கும் நடத்தியே கூட்டிட்டுப் போனாங்க, வழிலயே செத்தவங்க உண்டு, தப்பிச்சு திரும்பி வந்தவங்களும் உண்டு. திரும்பி வந்து பாத்தா அவங்க வெட்டின வாய்க்கால்ல குடியேறினவங்க கோதுமை விளைய வச்சுக்கிட்டு இருக்காங்க.

கவுண்டி எப்ப உருவாச்சு?

1864-ல கோசோனு ஒரு கவுண்டிக்கு சட்டம் போட்டாங்க, அது பேப்பரோட நின்னுருச்சு. 1866 மார்ச்ல இன்யோ வந்துச்சு. பக்கத்து மலைல செர்ரோ கோர்டோங்கற இடத்துல வெள்ளியும் ஈயமும் கிடைச்சதால அப்ப பணப்புழக்கம் நல்லாவே இருந்திருக்கு. உருக்கின கட்டிய ஓவன்ஸ் ஏரில நீராவிக் கப்பல்ல ஏத்தி, அப்புறம் கோவேறு கழுதை வண்டில லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்புவாங்க. கப்பல் ஓடின ஏரினு சொல்றேன் பாருங்க, அது இப்ப என்ன நிலைமைல இருக்குனு கீழ வருது.

1872 நிலநடுக்கம் பத்தி?

மார்ச் 26 அதிகாலை ரெண்டரை மணி வாக்குல. லோன் பைன் ஊரே தரைமட்டம், 59 வீட்டுல 52 விழுந்துச்சு, எல்லாம் பச்ச மண்ணு செங்கல் வீடு, 27 பேரு இறந்தாங்க. இண்டிபெண்டன்ஸ்ல இருந்த கவுண்டி கோர்ட்டு கட்டிடமும் போச்சு. லோன் பைனுக்கு கொஞ்சம் வடக்க ஹைவே பக்கத்துலயே அந்த இறந்தவங்கள்ல சிலர ஒண்ணா புதைச்ச இடம் இருக்கு, வேலி போட்டிருப்பாங்க.

லாஸ் ஏஞ்சலஸ் எப்படி அவ்ளோ தூரத்துல இருந்து தண்ணிய எடுத்துச்சு?

1900-கள் ஆரம்பத்துல லாஸ் ஏஞ்சலஸ் வேகமா வளருது, தண்ணி பத்தல. நகரத்தோட முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டனும் தண்ணி துறை தலைமை இன்ஜினியர் வில்லியம் முல்ஹாலண்டும் ஓவன்ஸ் ஆத்த பாத்தாங்க. அது பனிமலைத் தண்ணி, உயரம் இன்யோ பக்கம், அதனால பம்பே வேண்டாம், சரிவுலயே ஓடி வந்துரும்.

இதே நேரத்துல மத்திய அரசோட பாசனத் துறை அந்தப் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கே ஒரு பாசனத் திட்டம் போடலாம்னு ஆய்வு பண்ணிக்கிட்டு இருந்துச்சு, விவசாயிகளும் நம்பிக்கையா இருந்தாங்க. அந்த ஆய்வ பாத்துக்கிட்ட அதிகாரி லிப்பின்காட், லாஸ் ஏஞ்சலஸ்கிட்டயும் ஆலோசகரா காசு வாங்கினாரு. ஈட்டன் அங்க வந்து நிலத்தையும் தண்ணி உரிமையையும் வாங்க வாங்க, மத்திய அரசு திட்டத்துக்காகத்தான் வாங்குறாருனு ஊருல நெறைய பேரு நினைச்சிருக்காங்க. 1905 ஜூலை கடைசில லாஸ் ஏஞ்சலஸ் பேப்பர்ல செய்தி வந்தப்பதான் தண்ணி யாருக்குனே தெரிஞ்சுது. எனக்கு இந்த மொத்த கதைலயும் ரொம்ப வலிக்கிற இடம் இதுதான். காசு கொடுத்துதான் வாங்கினாங்க, சட்டப்படிதான் வாங்கினாங்க, ஆனா விக்கிறவனுக்கு யாருக்கு விக்கிறோம்னு தெரியாம வாங்கினாங்க.

1907-ல நகர மக்கள் 2.3 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டாங்க, 233 மைல் கால்வாய், 1913 நவம்பர் 5 திறப்பு விழா. முல்ஹாலண்ட் பேசினது ரெண்டே வாக்கியம்: இதோ இருக்கு, எடுத்துக்கோங்க.

ஊர்க்காரங்க சும்மா விட்டுட்டாங்களா?

இல்ல. முதல் பத்து வருஷம் பரவால்லாம ஓடுச்சு, அப்புறம் 1920-கள்ல வறட்சி, நகரம் இன்னும் வடக்க போய் வாய்க்கா வாய்க்காவா வாங்க ஆரம்பிச்சுது. பக்கத்து வயல் வித்துட்டா நம்ம வயலுக்கு வர்ற வாய்க்கால யாரு பராமரிக்கிறது, கடைல யாரு சாமான் வாங்குவா, ஸ்கூல்ல புள்ளைங்க எங்க, இப்படி ஒவ்வொருத்தரா நெருக்கி கடைசில எல்லாரும் வித்தே ஆகணும்ங்கற நிலைமை வந்துச்சு.

1924 மே மாசம் கால்வாய்க்கு டைனமைட் வச்சாங்க. அதே வருஷம் நவம்பர் 16 அன்னைக்கு எழுபது பேரு கிட்ட லோன் பைன் பக்கத்துல இருக்குற அலபாமா கேட்ஸ்ங்கற மதகுக்குப் போய் சக்கரத்த திருப்பி தண்ணிய மொத்தமா பழைய ஆத்துக்கே திறந்து விட்டுட்டாங்க. நாலு நாள். குடும்பம் குடும்பமா வந்து அங்கயே சமைச்சு சாப்பிட்டாங்க, பக்கத்துல ஷூட்டிங்ல இருந்த கவ்பாய் பட நடிகர் டாம் மிக்ஸோட சினிமா செட்டுல இருந்து பாட்டு வாசிக்குறவங்க வந்தாங்க. கவுண்டி ஷெரிஃப் வந்தாரு, பாத்தாரு, யாரையும் கைது பண்ணல. ராணுவம் அனுப்பச் சொல்லி கவர்னர்கிட்ட கேட்டும் அனுப்பல. அங்க இருந்தவங்க ஷெரிஃபுக்கு ஓட்டுப் போடுற ஊர்க்காரங்க, மேல சொன்னேனே தேர்தல்ல வர்ற ஷெரிஃப்னு, அதோட அர்த்தம் இங்கதான் புரியும்.

போராட்டத்துக்கு முன்னாடி நின்னவங்க வாட்டர்சன் அண்ணன் தம்பி, வில்ஃபிரெட், மார்க் ரெண்டு பேரும், ஊரோட பேங்க் அவங்களோடது. 1927 ஆகஸ்ட்ல அந்த பேங்க் எல்லாம் மூடிருச்சு, கணக்குல மோசடினு நிரூபணமாகி ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனாங்க. வழக்கு நடத்தின டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அவங்களோட சிநேகிதர், இன்யோக்காரர் தான், ஆனாலும் நடத்தினாரு. ஊரு சேமிப்பு மொத்தமும் அந்த பேங்க்ல இருந்ததால போராட்டத்தோட முதுகெலும்பே அங்க முறிஞ்சுது. 1930-கள் நடுவுல பள்ளத்தாக்கு விவசாய நிலத்துல 95 சதவீதம் கிட்டயும் ஊருக்குள்ள மனைங்கள்ல 85 சதவீதம் கிட்டயும் லாஸ் ஏஞ்சலஸ் கைல.

மான்சனார் முகாமும் இங்கதானா?

ஆமா. மான்சனார் அதுக்கு முன்னாடி ஆப்பிள் தோட்ட ஊரு, நகரம் வாங்கினதுக்கப்புறம் காலியாகிப் போச்சு. 1942-ல, ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, மத்திய அரசாங்கம் அந்த நிலத்த எடுத்து ஜப்பானிய வம்சாவளி மக்கள அடைச்சு வச்சுது, ஒரு சமயத்துல 10,000 பேருக்கு மேல, மூணு வருஷத்துக்கு மேல, பெரும்பாலானவங்க அமெரிக்கக் குடிமக்கள். 1992-ல தேசிய வரலாற்று இடமா அறிவிச்சாங்க. அதே மண்ணுல இருந்து முதல்ல பையூட், அப்புறம் தோட்டக்காரங்க, அப்புறம் இவங்கனு யோசிச்சுப் பாருங்க, மூணு தடவ மக்கள வெளிய இருந்து வந்த முடிவு புரட்டிப் போட்டிருக்கு.

இப்ப கவுண்டிய யாரு நடத்துறா?

சூப்பர்வைசர் போர்டு, 5 பேரு, அஞ்சு தொகுதி, நாலு வருஷப் பதவி, கட்சி சின்னம் கிடையாது. சட்டம் போடுறதும் பட்ஜெட் போடுறதும் நிர்வாகத்த மேல்பார்வை பாக்குறதும் இவங்களே. மேயர்னு யாரும் இல்ல, தினசரி வேலைக்கு ஒரு நிர்வாக அதிகாரிய இவங்க வேலைக்கு வைக்குறாங்க. ரோடு, ஜெயில், பொது சுகாதாரம், நலத்திட்டம், நூலகம், குப்பைக் கிடங்கு, தேர்தல் நடத்துறது எல்லாம் கவுண்டி வேலை. ஆளு கம்மிங்கறதால சிலத பக்கத்து மோனோ கவுண்டியோட சேந்து பண்ணுவாங்க, விவசாய கமிஷனர் ஆபீஸ் ரெண்டு கவுண்டிக்கும் ஒண்ணுதான்.

இன்யோல கூடுதலா ஒண்ணு உண்டு: கவுண்டிக்குனு தனி தண்ணி துறை. வீட்டுக்கு தண்ணி சப்ளை பண்றது அதோட முக்கிய வேலை இல்ல, லாஸ் ஏஞ்சலஸ் எவ்ளோ உறிஞ்சுதுனு கண்காணிக்குறதுக்காக இருக்குற துறை.

நிலம் எல்லாம் யாருது? அப்ப வரி வருமானம் எப்படி?

சுமார் 92 சதவீதம் மத்திய அரசு (தேசியப் பூங்கா, காடு, ராணுவம்), 4 சதவீதம் கிட்ட லாஸ் ஏஞ்சலஸ் தண்ணி-மின்சாரத் துறை, அது ரெண்டரை லட்சம் ஏக்கர் வருது, மாநில அரசு ரெண்டு சதவீதத்துக்கு மேல. தனியார் நிலம் ரெண்டு சதவீதம் கூட தேறாது. வீட்டு வாடகை ஏன் ஏறுது, ஊரு ஏன் வளரலனு கேட்டா பதில் இதுதான், வீடு கட்ட இடமே கிடையாது.

வரி விஷயத்துல இன்யோக்காரங்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஒரு நகராட்சி தன் எல்லைக்கு வெளிய நிலம் வாங்கினா, வாங்குறப்போ அது வரி கட்டின நிலமா இருந்தா, வாங்கினதுக்கப்புறமும் வரி கட்டணும்னு 1914-ல மாநில அரசியலமைப்புல திருத்தம் வந்துச்சு. இது இல்லனா அரசாங்க நிலம்னு சொல்லி லாஸ் ஏஞ்சலஸ் ஒரு பைசா கட்டாம இருந்திருக்கும், கவுண்டியே திவாலாயிருக்கும். இன்னைக்கு கவுண்டிக்கு வரி கட்டுற பெரிய புள்ளிகள்ல அந்த நகரமும் ஒண்ணு. மத்திய அரசு நிலத்துக்கு வரி கிடையாது, அதுக்கு பதிலா 1976 சட்டப்படி ஒரு தொகை வருது, அது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்குறத பொறுத்தது. மிச்சத்துல முக்கியமானது நீங்களும் நானும் மோட்டல்ல தங்குறப்போ பில்லுல வர்ற 12 சதவீத தங்கல் வரி.

கவுண்டி எப்பயாவது லாஸ் ஏஞ்சலஸ ஜெயிச்சிருக்கா?

ஜெயிச்சிருக்கு, டைனமைட்ல இல்ல, கோர்ட்டுல.

1970-ல நகரம் ரெண்டாவது கால்வாய் கட்டுச்சு, அத நிரப்ப பள்ளத்தாக்குல போர்வெல் போட்டு நிலத்தடி நீர எடுத்துச்சு, ஊத்துங்க வத்துச்சு, புல்வெளி காஞ்சுது. அதே 1970-ல கலிஃபோர்னியால சுற்றுச்சூழல் சட்டம் வந்திருந்துச்சு. 1972-ல இன்யோ கவுண்டி அந்தச் சட்டத்த கைல எடுத்து வழக்கு போட்டுது: இவ்ளோ தண்ணி உறிஞ்சுறதுக்கு முன்னாடி பாதிப்பு அறிக்கை எங்க? மேல்முறையீட்டு கோர்ட்டு 1973-ல கவுண்டி பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. நகரம் அறிக்கை எழுதிக் கொடுத்தது, பத்தாதுனு திருப்பி அனுப்புனாங்க, இன்னொண்ணு கொடுத்தது, அதுவும் பத்தாதுனுட்டாங்க. நடுவுல 1980-ல இன்யோ மக்களே ஓட்டுப் போட்டு ஒரு நிலத்தடி நீர் சட்டம் கொண்டு வந்தாங்க, அத கோர்ட்டு செல்லாதுனு சொல்லிருச்சு.

கடைசில 1991-ல ரெண்டு பேரும் ஒரு நீண்டகால ஒப்பந்தம் போட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்ச பகுதி இது: பள்ளத்தாக்குல அங்கங்க கண்காணிப்பு இடங்க இருக்கு, ஒவ்வொண்ணும் குறிப்பிட்ட போர்வெல்லோட இணைக்கப்பட்டிருக்கு, அந்த இடத்து மண்ணுல இருக்குற ஈரம் அங்க வளர்ற செடிகளுக்குப் பத்தலனா அந்த போர்வெல்ல நிறுத்தணும், மண்ணு ஈரம் திரும்பி வர்ற வரைக்கும் போடக் கூடாது. ஒரு கோடி டாலர் தண்ணியா இருந்தாலும் உப்புப் புல்லும் புதரும் என்ன சொல்லுதோ அதான் கணக்கு. நடைமுறைல இதுல தகராறு நிறைய, அதுக்குனு தொழில்நுட்பக் குழு, நிலைக்குழு, அப்புறம் மத்தியஸ்தம்னு படிப்படியா போகணும்.

காஞ்சு கெடந்த கீழ் ஓவன்ஸ் ஆத்துல 62 மைல் நீளத்துக்கு திரும்ப தண்ணி விடணும்ங்கறதும் இதோட வந்துச்சு. நகரம் தேதிய தள்ளித் தள்ளிப் போட, 2005-ல நீதிபதி நாளுக்கு 5,000 டாலர் அபராதம் போட்டாரு, 2006 டிசம்பர்ல தண்ணி வந்துச்சு.

தோத்ததும் உண்டு. கவுண்டியோட மூணு குப்பைக் கிடங்கு லாஸ் ஏஞ்சலஸ்கிட்ட வாடகைக்கு எடுத்த நிலத்துல இருக்கு. அத பொதுத் தேவைக்குனு கையகப்படுத்த 2017-ல கவுண்டி முயற்சி பண்ணுச்சு, நகரம் வழக்கு போட்டு ஜெயிச்சிருச்சு, 2021-ல மேல்முறையீட்டுலயும் கவுண்டிக்கு எதிராத்தான் வந்துச்சு. தான் கொட்டுற குப்பைக்குக் கூட நிலம் சொந்தமில்லாத அரசாங்கம்னா எவ்ளோ கஷ்டம்னு பாருங்க. அதுலயும் நகரம் பயன்படுத்தினது கவுண்டி 1972-ல பயன்படுத்தின அதே சுற்றுச்சூழல் சட்டத்தத்தான்.

கப்பல் ஓடின அந்த ஓவன்ஸ் ஏரி?

ஆத்துத் தண்ணி கால்வாய்க்குப் போனதால 1926 வாக்குல முழுசா வத்திருச்சு, நூறு சதுர மைல் கிட்ட வெறும் உப்புத் தரை. காத்தடிச்சா நுண்ணிய தூசி எழும்பி, பல வருஷம் நாட்டுலயே மோசமான தூசி அங்கதான். இன்யோ, மோனோ, ஆல்பைன் மூணு கவுண்டியும் சேந்து நடத்துற காத்து மாசு கட்டுப்பாட்டு மாவட்டம் விடாம நின்னு நகரத்தையே சரி பண்ண வச்சுது. சில இடத்துல தண்ணி தெளிச்சு நிறுத்துறாங்க, சில இடத்துல புல்லு, சில இடத்துல ஜல்லி. இதுவரைக்கும் 200 கோடி டாலருக்கு மேல செலவு. அந்தக் கொஞ்சத் தண்ணிக்கே பறவைங்க ஆயிரக்கணக்குல திரும்ப வர ஆரம்பிச்சிருச்சு.

பழங்குடி மக்கள் நிலைமை இப்ப?

பிஷப், பிக் பைன், ஃபோர்ட் இண்டிபெண்டன்ஸ், லோன் பைன்ல நாலு பழங்குடி அரசாங்கம், டெத் வேலில டிம்பிஷா ஷோஷோனி. இவங்க கவுண்டிக்குக் கீழ வர்றவங்க இல்ல, தனி அரசாங்கம். 1937 சட்டப்படி மத்திய அரசு இவங்களுக்குனு வச்சிருந்த 2,900 ஏக்கர் சொச்சத்த லாஸ் ஏஞ்சலஸுக்கு கொடுத்துட்டு 1,391 ஏக்கர் வாங்கிக் கொடுத்துச்சு, பிஷப்புக்கு 875, பிக் பைனுக்கு 279, லோன் பைனுக்கு 237. தண்ணி உரிமைய மட்டும் அப்ப தீர்க்காம விட்டாங்க, அது இன்னும் தீரல. டிம்பிஷா மக்களுக்கு 2000-ல தான் காங்கிரஸ் சட்டம் போட்டு நிலம் கொடுத்துச்சு. கவுண்டிக்கு நடந்த அநியாயத்த பேசுறவங்க இத விட்டுட்டுப் பேசக் கூடாதுங்கறது என் கருத்து, வாய்க்கா முதல்ல பறிபோனது இவங்ககிட்ட இருந்துதான்.

விட்னி ஏறப் போறோம், பர்மிட் கவுண்டி கொடுக்குமா?

கொடுக்காது, அது காட்டுத் துறை, மத்திய அரசு. ஆனா இன்யோ பக்கம் மாட்டிக்கிட்டா உங்கள தேடி வர்றது கவுண்டி ஷெரிஃபோட மீட்புக் குழு, அதுல இருக்குறவங்க சம்பளம் வாங்காத தன்னார்வலருங்க. அதனால தயவு செஞ்சு வானிலை பாத்துட்டுப் போங்க.

கவுண்டி மீட்டிங்குல வெளியாளு போய் உக்காரலாமா?

தாராளமா. செவ்வாய்க்கிழமைல இண்டிபெண்டன்ஸ்ல நடக்கும். 1953-ல வந்த மாநில சட்டப்படி அஜெண்டாவ 72 மணி நேரம் முன்னாடி எல்லாரும் பாக்குற மாதிரி போடணும், பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கணும், உள்ளூர்க்காரரா இல்லையானு கேக்க மாட்டாங்க, பேரு சொல்லக் கூட கட்டாயம் இல்ல. லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்குற தமிழ் ஆளுங்களுக்கு நான் குறிப்பா சொல்றது, நம்ம வீட்டு குழாய்ல வர்றதுல ஒரு பங்கு இங்க இருந்து வர்ற தண்ணி, அஜெண்டால தண்ணி துறை விஷயம் இருக்குற நாளா பாத்துப் போங்க. போனா அதே ஊருல கவுண்டியே நடத்துற கிழக்கு கலிஃபோர்னியா மியூசியமும் இருக்கு, 1928-ல ஆரம்பிச்சது, பையூட் பெண்கள் பின்னின கூடைங்களும் மான்சனார் குடும்பங்களோட பொருளுங்களும் அங்க வச்சிருக்காங்க.